மூன்று நிமிடக் கடிகாரம்

மே 1

மே 1, மதியம் 12.40. கூட்டத்தில் 214 பேர். பேச வேண்டும் என்று கை தூக்கியவர்கள் 31. பேசியவர்கள் 4.

எண்ணியது நான்தான். வேறு வேலை தரவில்லை. கருஞ்செவல் ஊராட்சியின் கிராம சபைக்கு ஒன்றிய அலுவலகத்திலிருந்து தொழில்நுட்ப உதவியாளர் என்று என்னை அனுப்பினார்கள். ஒப்பந்த வேலை. மின்னியலில் பொறியியல் படித்தவனுக்கு மைக் பிடித்து நீட்டும் உத்தியோகம். இதில் இது என் சொந்த ஊர் வேறு.

சமுதாயக் கூடத்து முற்றத்தில் பந்தல். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை மண்வெட்டியோடு அப்படியே கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டார்கள், தலைக்கணக்குக்கு. நுழையும்போதே நோட்டில் கையெழுத்து, இல்லையென்றால் கைரேகை. தீர்மானம் பிறகுதான் எழுதப்படும், கையெழுத்துக்கு மேலே விட்ட இடத்தில். யாரும் இதைத் தவறு என்று நினைப்பதில்லை. வந்தவன் ஒத்துக்கொண்டவன்.

முதலில் தலைவர் சீனிப்பாண்டியன் முக்கால் மணி நேரம். பிறகு அவருடைய மைத்துனர், கோயில் ரோடு பற்றி. பிறகு இன்னும் இரண்டு பேர், மைத்துனர் சொன்னது சரி என்று. முடிந்தது. பின்வரிசையில் ஒரு பொம்பளை கையைத் தூக்கியபடியே கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். கை வலித்ததும் மற்றக் கையைத் தூக்கினாள்.

இதற்கு ஒரு எளிய தீர்வு இருக்கிறது. ஒரு கடிகாரம் போதும்.

ஆகஸ்ட் 6

விதிகளை எழுதி ஒன்றிய அலுவலகத்தில் பி.டி.ஓ.விடம் கொடுத்தேன். மொத்தம் எட்டு. சாரம் இவ்வளவுதான்: பேச விரும்புகிறவர்களுக்குக் குலுக்கலில் டோக்கன். தலைவரானாலும் கூலிக்காரனானாலும் மூன்று நிமிடம். நேரம் முடிந்ததும் மைக் தானாக அணைந்துவிடும். விதி 4: ஒருவர் நேரத்தை இன்னொருவருக்கு மாற்ற முடியாது, இல்லையென்றால் மைத்துனர் பத்துப் பேர் நேரத்தை வாங்கிவிடுவார். விதி 6: யாராவது கேள்வி கேட்டால் சம்பந்தப்பட்ட ஊழியர் ஒரு நிமிடத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

பி.டி.ஓ. படித்துவிட்டு, "தம்பி, இதை ஒரு ஊர்ல ஓட்டிக் காமிங்க. நல்லா ஓடுச்சுன்னா மாவட்டம் பூராவும் போடச் சொல்லி கலெக்டருக்கு ஃபைல் வைக்கேன்" என்றார். ஒப்பந்தத்தை நீட்டிப்பது பற்றியும் வாயைத் திறந்தார்.

தலைவர் மூஞ்சிதான் சரியில்லை. "எனக்குமா மூணு நிமிசம்?"

"உங்களுக்கும்தான்."

"எங்க அய்யா செத்தப்பகூட மூணு நிமிசத்துக்கு மேல அழுதிருக்கேன் வேய்."

ஆகஸ்ட் 13

கடிகாரம் தயார். சிவப்பு எண்கள், ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். பூஜ்யம் வந்தால் ஒலிப்பானும் அடிக்கும், ரிலே சுவிட்ச் மைக்கையும் அணைக்கும். என் கையால் செய்தது.

கூடத்தின் வெளிச்சுவரில் மாட்டினேன். ஒரு சிக்கல். உள்ளே இருக்கும் ஒரே பிளக்கில் மைக்செட்டையும் இதையும் சேர்த்துப் போட்டால் ஃபியூஸ் போகிறது. எட்டடி தூரத்தில் தெருவிளக்குக் கம்பம், இரும்புக் கம்பம். விளக்கு லைனிலிருந்து ஒரு வயர் எடுத்துக் கம்பத்தோடு கீழே இறக்கி, கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிச் சுவருக்கு இழுத்துவிட்டேன். பழைய வயர்தான், பரவாயில்லை. வயரில் சுற்றும் டேப் தீர்ந்துபோயிற்று. எர்த் அப்புறம் பார்க்கலாம். கடிகாரம் ஓடவேண்டியது பதினைந்தாம் தேதி.

தெருவிளக்கின் சுவிட்ச் பம்ப் ரூமில் இருக்கிறது. ஊராட்சியின் மோட்டார் ஆபரேட்டர் லிங்கதுரைதான் தினமும் சாயங்காலம் போட்டுக் காலையில் அணைப்பவர். கூட்டத்தன்று பதினொரு மணிக்கே போடச் சொன்னேன்.

"பட்டப்பகல்ல லைட்டு எரிஞ்சா ஊரு சிரிக்கும் தம்பி."

"போடுங்கண்ணே. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"சரி, நீங்க சொன்னா போடுதேன்."

ஆகஸ்ட் 15

வெற்றி. மே மாதக் கணக்கையே வைத்து 31 டோக்கன், 31 பேரும் பேசினார்கள். தலைவரின் மைக் "ஆகவே பெரியோர்களே" என்ற இடத்தில் அணைந்தது. ஊரே கைதட்டியது. மைத்துனர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தார். தெருவிளக்குகள் வெயிலில் எரிந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

வயரைக் கழற்றவில்லை. மறுபடி மாட்டுவது வேலை.

ஆகஸ்ட் 16

நேற்றுக் கூட்டம் முடிந்தபோது ஓர் ஆடு செத்துக் கிடந்ததாம். கூட்டத்துச் சோற்றைத் தின்று வயிறு உப்பியிருக்கும்.

செப்டம்பர் 20

தலைவருக்கு இப்போது விதிகள் பிடித்துவிட்டன. ஒருவன் அவரைத் திட்ட ஆரம்பித்தால் மூன்று நிமிடம் பல்லைக் கடித்தால் போதும். "முன்னாடியெல்லாம் தப்பித் தவறி ஒருத்தன் மைக்கைப் புடிச்சான்னா மதியச் சாப்பாடு வரைக்கும் கிழிப்பான். இப்ப நீயே கத்திரியை வச்சு வெட்டிருத" என்று முதுகில் தட்டினார். எனக்கு அது பிடிக்கவில்லை. கடிகாரம் யாருக்காகவும் வேலை செய்யவில்லை. கடிகாரம் கடிகாரமாக வேலை செய்கிறது.

அக்டோபர் 2

பி.டி.ஓ. நேரில் வந்திருந்தார். தூறல். தகரப் பந்தல் என்பதால் தப்பித்தோம்.

டோக்கன் 14 ஆவுடைத்தாய். மே மாதம் கை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்த அதே பொம்பளை. ஆடு வளர்க்கிறாள். கூடத்துக்கு எதிரே, குறுகிய தெருவுக்கு அந்தப் பக்கம் வீடு, வாசலில்தான் அந்தத் தெருவிளக்குக் கம்பம். பெயரைக் கூப்பிட்டதும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்து சேர்வதற்குள் இருபது நொடி போயிற்று.

"எல்லாத்துக்கும் வணக்கம். நான் கீழத்தெரு கொம்பையா பொண்டாட்டி ஆவுடைத்தாய். தலைவருக்கு வணக்கம். பெரிய ஆபீசர் வந்திருக்காவ, அவியளுக்கும் வணக்கம். கணக்கு எழுதுத தம்பிக்கும் வணக்கம்."

"விசயத்துக்கு வாங்க" என்றேன்.

"வாரேன் தம்பி. எங்கிட்ட ஒரு வெள்ளாடு இருந்துச்சு. கருப்பு, நெத்தியில மட்டும் வெள்ளை. எங்கம்மை எனக்குச் சீதனமா ஓட்டிவிட்ட ஆட்டுக்கு அது பேத்தி. மூணு ஈத்து ஈன்டுருக்கு. மூணும் ரெட்டைக் குட்டி. யார் வீட்டுப் பயிர்லயும் வாய் வச்சதில்ல, வேணும்னா கேட்டுப் பாருங்க."

"ஆட்டுக்கும் ஒரு வணக்கத்தைப் போடு மதினி!" என்று யாரோ கத்த, பந்தல் சிரித்தது. சிரித்து ஓயும்வரை அவள் காத்திருந்தாள். சிரிப்புக்காக நேரத்தை நிறுத்த விதியில் இடமில்லை.

"அது சுதந்திர தினத்தன்னிக்கு, இங்க கூட்டம் நடக்கும்போது, பட்டப்பகல்ல, நான் கஞ்சி ஊத்திட்டு வெளிய வாரேன், அப்பதான் உரசிக்கிட்டு நிக்கி, நான் பாத்துக்கிட்டே இருக்கேன், அப்படியே காலை உதறி... கம்பத்துல..."

ஒலிப்பான் அடித்தது. மைக் அணைந்தது. அவள் வாய் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அசைந்தது.

தலைவர் தன் மைக்கில், "ஆட்டு விசயத்தை ஆட்டாஸ்பத்திரியில சொல்லும்மா" என்றார். மறுபடி சிரிப்பு. டோக்கன் 15.

கூட்டம் முடிந்ததும் அவள் புருஷன் கொம்பையா என்னிடம் வந்தார். மில்லில் மூட்டை தூக்குகிறவர். கழுத்துத் துண்டைக் கையில் எடுத்துப் பிடித்திருந்தார்.

"தம்பி, அவ சொல்ல வந்தது ஆட்டைப் பத்தி இல்ல."

"மூணு நிமிசமும் ஆட்டைப் பத்தித்தானே பேசினாங்க?"

"அவளுக்கு முதல்ல இருந்து சொன்னாத்தான் சொல்ல வரும். நான் சொல்லட்டா?"

"அண்ணாச்சி, கூட்டம் முடிஞ்சிட்டு. உங்களுக்கு இப்பக் காது குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும். மனுவா எழுதிக் குடுங்க."

"எழுத வராதே."

"அப்ப அடுத்த கூட்டத்துல டோக்கன் எடுங்க. நவம்பர் ஒண்ணு."

"அதுக்குள்ள மழை வந்துருமே தம்பி" என்றார்.

ஆட்டுக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்? தர்க்கமே கிடையாது இந்த ஜனத்துக்கு.

பி.டி.ஓ. புறப்படும்போது என் கையைக் குலுக்கினார். பதினாறாம் தேதி கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு குழு பார்க்க வருகிறதாம்.

அக்டோபர் 5

யாரோ கம்பத்தைச் சுற்றிக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். என் கடிகாரத்துக்கு நேர் முன்னால். அசிங்கம்.

அக்டோபர் 9

சாயங்காலம் கடிகாரத்தைத் துடைக்கப் போனேன். செருப்பில் ஒட்டிய சேற்றை வழிக்க, முள்ளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கம்பத்தைப் பிடித்தேன். விரல் சுர்ரென்றது. செருப்பு ரப்பர். நாளை டெஸ்டர் கொண்டுவர வேண்டும்.

அக்டோபர் 10

டெஸ்டர் கொண்டுவரவில்லை. குழுவுக்குக் காட்டப் படங்கள் தயாரிக்கும் வேலை.

அக்டோபர் 16

குழு வந்தது. முள்ளைக் காலையிலேயே அள்ளி எறியச் சொல்லிவிட்டேன். துப்புரவுப் பணியாளர்கள் அள்ளும்போது ஆவுடைத்தாய் வந்து, "அதை எடுக்காதீங்க, அதை எடுக்காதீங்க" என்று குறுக்கே நின்றாளாம். முள்ளுக்குமா சொந்தம் கொண்டாடுவார்கள்?

குழுவில் ஒரு அம்மா, "சாதாரணப் பெண்கள் இதில் பேசுகிறார்களா?" என்று கேட்டார். புள்ளிவிவரத்தைக் காட்டினேன். பெண்கள் நாற்பத்தைந்து விழுக்காடு. குறித்துக்கொண்டார்.

அக்டோபர் 17

பிற்பகலிலிருந்து அடைமழை. ஆறரை மணிக்குக் கொம்பையா இறந்துவிட்டார். கம்பத்தடியில். புதிதாக வெட்டிய முள்ளுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து போடும்போது சேற்றில் கால் வழுக்கி, பிடிமானத்துக்குக் கம்பத்தைப் பிடித்தாராம்.

ஓடிப் பிடிக்கப் போனவர்களை ஆவுடைத்தாய் கட்டையால் அடித்துத் தள்ளினாளாம். "தொடாதீங்க, தொடாதீங்க" என்று. லிங்கதுரை ஓடிப்போய்ச் சுவிட்சை அணைக்கும்வரை யாரையும் நெருங்கவிடவில்லை. அவள் அடித்ததில் ஒருவனுக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது.

நான் வீட்டில் இருந்தேன். மழைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

அக்டோபர் 18

விடிந்ததும் போய்க் கடிகாரத்தின் வயரைக் கழற்றிவிட்டேன். மழைக்கு வயர் கெட்டுப்போகும்.

கட்டுக்கம்பி இறுக்கிய இடத்தில் மேல்தோல் அறுந்து செம்பு தெரிந்தது. பழைய வயர் என்றால் அப்படித்தான் இருக்கும்.

மின்சாரப் பொறியாளர் பத்து மணிக்கு வந்து கம்பத்தைச் சோதித்தார். கசிவு இல்லை. "இப்ப இல்ல" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரியவில்லை. அங்கே பொறியியல் படித்த இன்னொருவன் நான் மட்டும்தான், அதனால் இருக்கும்.

அக்டோபர் 21

லிங்கதுரையை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடைமழையில் விளக்கைப் போட்டது அவருடைய அஜாக்கிரதை. விசாரணை நடக்கும் என்றார் தலைவர்.

டீக்கடையில் லிங்கதுரை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, அந்த வயரு எங்க?"

"எந்த வயர்?"

அவர் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார். எழுந்து போகும்போது, "எனக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளை தம்பி" என்றார். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

அக்டோபர் 30

விதி 9 சேர்த்தேன்: விசாரணையில் உள்ள பொருள் பற்றிச் சபையில் பேசக் கூடாது. பேசினால் இயக்குபவர் மைக்கை உடனே அணைக்கலாம். எல்லா ஊர்களுக்கும் பொதுவான நல்ல விதி. ஒரு சாவை மனதில் வைத்து இதை எழுதவில்லை.

தலைவர் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. "நீ பெரிய ஆளா வருவே" என்றார்.

நவம்பர் 1

கடிகாரத்துக்குக் கூடத்துக்குள்ளிருந்தே கரண்ட். மைக்செட்டுக்கு ஒரு பேட்டரி வாங்கிவிட்டேன். ஆகஸ்டிலேயே வாங்கியிருக்கலாம்.

குலுக்கலில் டோக்கன் 1 ஆவுடைத்தாய்க்கு விழுந்தது. குலுக்கியது நான்தான், தில்லுமுல்லு எதுவும் செய்யவில்லை. வாசலில் நோட்டில் கைரேகை வைத்துவிட்டு, பெயரைக் கூப்பிடுவதற்கு முன்பே மைக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். கையில் ஆம்பளைக் கடிகாரம், பட்டை பெரிது, முழங்கைவரை நழுவியது. தினமும் அதை வைத்துக்கொண்டு ஆட்டுக்கொட்டிலில் பேசிப் பழகினாளாம். பிறகு கேள்விப்பட்டேன்.

வணக்கம் இல்லை. ஊர் பேர் இல்லை.

விதி 9ஐ வாசித்துக் காட்டினேன். "உங்க வீட்டுக்காரர் விசயம் விசாரணையில இருக்கு. அதைப் பத்திப் பேசினா மைக் நின்னுரும்."

"அவரைப் பத்திப் பேச வரல" என்றாள். "இந்த மணியைப் பத்திப் பேச வந்தேன். பேசலாமா?"

பந்தல் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. கடிகாரத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று விதி இல்லை. நான் எழுதவில்லை.

"பேசலாம்."

"போன கூட்டத்துல இந்த மணிக்கு வயரு அந்தக் கம்பத்துல இருந்து வந்துச்சு. இன்னைக்குச் சுவத்துக்குள்ள இருந்து வருது. ஏன் மாத்துனீங்க?"

அவ்வளவுதான். கடிகாரத்தில் இன்னும் இரண்டரை நிமிடத்துக்கு மேல் பாக்கி இருந்தது. அவள் பின்னால் நகர்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கேள்வி கேட்கப்பட்டால் ஊழியர் ஒரு நிமிடத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். விதி 6. பொத்தானை அழுத்தினேன். 60 என்று சிவப்பாக வந்தது. நான் சொன்னேன்: "பராமரிப்புக் காரணங்களுக்காக இணைப்பு மாற்றப்பட்டது."

எட்டு நொடி ஆயிற்று. மீதி ஐம்பத்திரண்டும் ஓடியாக வேண்டும், கடிகாரம் அப்படிச் செய்யப்பட்டது. எல்லோரும் முதலில் சுவரைப் பார்த்தார்கள். பிறகு கம்பத்தை. கம்பத்தில் கட்டுக்கம்பியின் ஒரு சுற்று இன்னும் இருந்தது. அதைக் கழற்ற மறந்திருக்கிறேன். பிறகு என்னைப் பார்த்தார்கள். அந்தச் சிவப்பு எண்கள் அவ்வளவு மெதுவாக இறங்கி நான் பார்த்ததில்லை. வேகத்தைச் சீராக்கும் கிரிஸ்டலைச் சரிபார்க்க வேண்டும்.

ஒலிப்பான் அடித்தது. தலைவர், "அடுத்த டோக்கன்" என்றார்.

டோக்கன் 2 மேலத்தெருப் பெரியவர் ஒருவர். எழுந்து, "என் மூணு நிமிசத்தை அந்தப் பிள்ளைக்குக் குடுக்கேன்" என்றார்.

"மாத்த முடியாது. விதி 4."

"நான்தானய்யா குடுக்கேன்? என் நேரம்தான?"

"உங்க நேரம் ஓடிக்கிட்டிருக்கு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். யாரும் எழவில்லை. "பேசும்வே, இல்லன்னா உக்காரும். எங்களுக்கும் டோக்கன் இருக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மே மாதம் யாரும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊர் விதிகளைக் கற்றுக்கொண்டுவிட்டது.

"அப்ப... எங்க தெருச் சாக்கடையைப் பத்திச் சொல்லுதேன்" என்றார் பெரியவர். சொன்னார். பிறகு ரேஷன் கடை. பிறகு கோயில் ரோடு. 31 பேரும் பேசி முடித்தார்கள்.

சாயங்காலம் தீர்மானங்கள் எழுதினோம். தலைவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், என் கையெழுத்து தெளிவு என்பதால். தீர்மானம் 7: மறைந்த கொம்பையாவுக்கு இச்சபை அஞ்சலி செலுத்துகிறது. அன்னாரது மரணம், மோட்டார் ஆபரேட்டர் மழையில் விளக்கை இயக்கியதாலும், அன்னார் சொந்தக் கவனக்குறைவாகக் கம்பத்தைத் தொட்டதாலும் நேர்ந்தது என இச்சபை ஒருமனதாகக் கருதுகிறது.

கீழே காலையில் வைத்த கையெழுத்துகள். முதல் வரியில் அவள் கைரேகை. மை கொஞ்சம் அதிகமாகிவிட்டிருந்தது.

இருட்டும் நேரத்தில் வீட்டுக்கு வந்தேன். விளக்குகளைப் போட்டது புது ஆபரேட்டர். ஆவுடைத்தாய் வாசலில் ஆடுகளோடு உட்கார்ந்திருந்தாள். பதினைந்து நாளாக அந்த இடத்தில் நான் தெருவின் எதிர்ப்பக்கமாக ஒதுங்கித்தான் போகிறேன், சேறு என்பதால். இன்று சேறு காய்ந்துவிட்டது. ஒதுங்கிய பிறகுதான் அது ஞாபகம் வந்தது. அவள் எழவில்லை, திட்டவில்லை. முழங்கையில் கிடந்த கடிகாரத்தை மணிக்கட்டுக்கு இழுத்து நேரம் பார்த்தாள்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. கம்பத்தில் மிச்சமிருக்கும் கட்டுக்கம்பியை எடுக்க வேண்டும். பகலில், விளக்கு அணைந்திருக்கும்போது.
2. கட்டிலுக்கடியில் இருக்கும் வயரைப் பழைய இரும்புக் கடையில் போட வேண்டும். இந்த ஊர்க் கடையில் வேண்டாம்.
3. விதி 10: கூட்டத்தின் உபகரணங்கள் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது.
4. பதிலுக்கான நேரத்தை ஒரு நிமிடத்திலிருந்து பத்து நொடியாகக் குறைக்க வேண்டும்.
5. ஒப்பந்த நீட்டிப்புக்கு பி.டி.ஓ.வைப் பார்க்க வேண்டும்.
6. நாளையிலிருந்து கம்பத்தை ஒட்டியே நடக்கப் பழக வேண்டும். முடிந்தால் கையை வைத்து. அவள் பார்க்கும்போது.